இருக்கக் கட்டளை

ஒன்பதரைக்கு அங்கே மணி அடிக்கும்.
மல்லாவிச் சந்தியில் ஒரு பிளேன்ரீ சொல்லிவிட்டு
கைத்தொலைபேசியைச் சீனிப்போத்தலில் சாய்த்து வைக்கிறேன்.
செங்கோல் உள்ளே போகிறது.
பாணுக்கு நிற்கிற பெடியன் எட்டிப் பார்த்து
"என்ன படம் அக்கா?" என்கிறான்.

எங்கள் திணைக்களத்தின் ஆண்டறிக்கை இன்றைக்கு வருகிறதாம்.
இந்த ஆண்டினது இல்லை,
நாலு ஆண்டுக்கு முந்தினது.
அதற்கிடையில் இரண்டு பணிப்பாளர்கள் ஓய்வுக்குப் போனார்கள்,
எங்கள் ஜீப் ஏலத்தில் போனது.
"அவசர திருத்தம் தேவை" என்று நான் எழுதிய துருசுக் கதவை
கமக்கார அமைப்புத் தர்மகுலராசாவும் ஆட்களும்
யூரியாச் சாக்கில் மண் நிரப்பி
அந்தக் காலபோகத்திலேயே அடைத்துவிட்டார்கள்.
சாக்குகளின் மேல் இப்போது நாணல்.

ஒருவர் எழும்புகிறார்.
அமைச்சர் இல்லை, அமைச்சரின் சார்பில் இவர்.
பதினான்கு அறிக்கைகள், ஒரே மூச்சு:
மரமுந்திரிகைக்கு ஒன்று, அச்சகத்துக்கு ஒன்று,
மூடிக் கிடக்கும் ஆலைக்கு இரண்டு வருசத்தையும் சேர்த்துக் கட்டி ஒன்று.
எங்களுடையது ஒன்பதாவது.
கடைக்காரர் தேத்தண்ணியை ஆற்றி முடிக்கவில்லை,
அங்கே முடிந்துவிட்டது.

*சபாபீடத்தில் இருக்கக் கட்டளையிடப்பட்டது.*

இருக்க.
எழும்ப அல்ல, வாய் திறக்க அல்ல.
சும்மா இருப்பதற்கும் ஒரு கட்டளை வேண்டியிருக்கிறது.

பிறகு, குழுவுக்கு ஆற்றுப்படுத்துகிறார்கள்.
பள்ளிக்கூடத்தில் படித்த சொல்.
பரிசில் பெற்றுத் திரும்புகிறவன்
பசியோடு எதிரே வருகிறவனை மறித்து
இந்த வழியால் போ, தருவான் என்பது.
இங்கே பெற்றுத் திரும்பியவன் ஆரென்று
எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது அளவைகள் பற்றி ஒரு சட்டமூலம்.
ஒன்று தொடக்கம் ஒன்பது வரையான வாசகங்கள்
சட்டமூலத்தின் பகுதியாக இருக்கக் கட்டளை.
மறுபடியும் இருக்க.
"ஆம்" என்று ஏழெட்டுக் குரல்.
"இல்லை" வரவேண்டிய இடத்தில் ஒரு இருமல்.

இதை நான் ஆருக்கும் சொன்னதில்லை.
பின்னிணைப்பு நான்கில்
வேலங்கண்டல் குளம், கார்த்திகை பதினேழு:
பதினொரு அடி இரண்டு அங்குலம்.
அன்றைக்கு நான் குளத்துக்குப் போகவில்லை.
காய்ச்சல்.
தகரத்தில் மழை விழுந்த கனத்தைக் கேட்டுக்கொண்டு
பாயில் கிடந்தபடி போட்ட எண்.

முல்லைத்தீவில் அதைக் கூட்டினார்கள்.
கொழும்பில் சராசரி எடுத்தார்கள்.
இன்னும் இரண்டு மொழிக்குப் பெயர்த்தார்கள்.
கணக்காய்வில் பச்சை மையால் சரி போட்டார்கள்.
இப்போது அது உயர் சபையின் பீடத்தில்,
வெயிலிலும் சேற்றிலும் நடந்துபோய் நான் பார்த்து எழுதிய
முந்நூற்று அறுபத்துநாலு நாட்களோடு
தோளுரசிக்கொண்டு.

நாலு வருசமாய்ப் பயந்தேன்.
ஆராவது ஒரு உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றி
"ஒழுங்குப் பிரச்சினை!
ஒரு இரவில் இந்தக் குளம் இவ்வளவு ஏறுமா?"
என்று கேட்டுவிடுவார் என்று.
கேட்கவில்லை.
ஆறுதலாய்த்தான் இருந்தது, ஒரு மிடறு குடிக்குமட்டும்.
பேந்து, கடைக்காரர் மிச்சக்காசு தராமல்
மற்றப்பக்கம் திரும்பினதுபோல ஒன்று.

கேட்டிருக்கலாம்.
பொய்யைப் பிடித்திருந்தால்
மிச்ச நாட்களையும் ஒரு ஆள் வாசித்ததாய்ப் போயிருக்கும்.

பெடியன் பாணோடு போய்விட்டான்.
பற்றி ஆறு வீதத்தில் நிற்கிறது.
சபை பன்னிரண்டரை வரை இருக்கும்,
குளம் இருக்காது, வெயில் குடிக்கிற மாதம்.

சைக்கிளைக் கட்டில் சாத்திவிட்டு இறங்குகிறேன்.
அளவுகோலின் தலையில் நீர்க்காகம் ஒன்று
சிறகை விரித்துக் காயவிட்டுக்கொண்டு.
அதன் எச்சம் வழிந்து ஐந்தை மறைக்கிறது,
அல்லது அது ஆறு.

பேனையைத் திறந்தபடி
அது எழும்புமட்டும் நிற்கிறேன்.